மீதி முப்பத்தைந்து நிமிடம்

வஸ்தியாம்பிள்ளை மாஸ்டரின் பிரியாவிடைக்கு
அதிபர் ஒரு கணக்குக் கேட்டார்.
எத்தனை ஆட்டம், எத்தனை வெற்றி,
பதாகையில் போட வேண்டுமாம்.
முப்பத்தொரு வருடம் கோல் பதிந்த கொப்பிகள்
என்னிடம்தான் இருக்கின்றன.
நான் வர்த்தகம் படிப்பிக்கிறவள்.
உதைபந்தில் எனக்குத் தெரிந்தது
வரவும் செலவும்.

நாலு கொப்பி.
முதலாவதில் மல்லாவி மைதானத்துச் செம்மண்
இன்னும் உதிரும்.
இரண்டாவது மாரிமழையில் ஊதிப்போய்
மூட மறுக்கும்.
மூன்றாவதை முகாம்வரை கொண்டுபோனேன்,
பிறப்புச் சான்றிதழ்களோடு
ஒரே சொப்பிங் பையில்.

எழுதாமல் விட்டவையும் உண்டு.
பந்தின் காற்றுப்பை வெடித்தால்
சைக்கிள் டியூப் வெட்டி ஒட்டுவார்.
அது ஒரு பக்கம் இழுக்கும்.
"இழுக்கிற பக்கத்தைப் படியுங்கோடா" என்பார்.
அந்த வருடம் எங்கள் கோலெல்லாம் இடது மூலையில்.
சுண்ணாம்பு வராத நாளில் உமிச்சாம்பலில் கோடு.
காற்றடித்தால் மைதானம் சுருங்கும்.
சட்டை இலக்கங்கள் நீலத் தறப்பாளில் வெட்டியவை;
ஏழும் ஒன்றும் தூரத்தில் ஒன்றுபோலத் தெரிய
நான் இரண்டு கோலை மாற்றிப் பதிந்திருக்கிறேன்.
இதுவரை சொல்லவில்லை.
பாலைமரக் கம்பங்களை
ஒரு இரவு பங்கர் மூடக் கழற்றினார்கள்.
மறுநாள் இரண்டு சைக்கிளை நிறுத்திப் பயிற்சி எடுத்தார்.
முகாமில் தண்ணீருக்கு நின்ற பெடியளிடம்
கானோடு நின்றபடியே
ஆளை மறிக்கப் பழக்கினார்.
வரிசை குழம்பி, பொம்பிளைகள் ஏச,
ஒருநாள் அவருக்கே தண்ணீர் கிடைக்கவில்லை.

கூட்டிப் பார்த்தேன்.
நூற்று நாற்பத்தொன்பது.

"அந்த முத்தையன்கட்டு ஆட்டத்தையும் சேருங்கோ ரீச்சர்"
என்றார் அதிபர்.
தொண்ணூற்றேழு, ஆவணி.
இடைவேளையில் எங்களுக்கு இரண்டு, அவர்களுக்குச் சைபர்.
பெடியள் தோடம்பழம் உறிஞ்சிக்கொண்டிருக்க
ஹெலி வந்தது.
குறிப்பு என்ற கட்டத்தில்
"பாதி" என்று மட்டும் எழுதியிருக்கிறேன்.
கை நடுங்கிய எழுத்து.

மாஸ்டர் ஒத்துக்கொள்ளவில்லை.
"பாதி ஆட்டம் வெற்றி இல்லை.
மீதியை விளையாடிப்போட்டு எழுதுங்கோ."

அதனால்தான் பிரியாவிடை அன்று பின்னேரம்
முத்தையன்கட்டிலிருந்து ஒரு ட்ராக்டர் வந்தது.
அதிலிருந்து இறங்கியவர்கள் ஏழு பேர்.
எங்களிடம் ஒன்பது.
மாஸ்டர் இரண்டு தரம் எண்ணினார்.
பிறகு சுகுணதாசையும் அமலதீபனையும்
வாங்கில் இருத்தினார்.
ஏன் ஏழு, ஏன் ஒன்பது
என்று ஒருவரும் கேட்கவில்லை.

குணாளன் செயற்கைக் காலைத் தட்டிக் காட்டி
"நான் கோலுக்குள் நிக்கிறன் சேர்" என்றான்.
"நீ எப்பவும் இடது பின்வரிசைதான்,
போய் நில்."

பந்து ஒட்டுப்போடாத புதுப் பந்து.
நேராய்ப் போனது, பிடிக்கவே முடியவில்லை.
வயிறு வைத்தவர்கள் மூச்சு வாங்கினார்கள்.
ஒரு தவறணைக்காரன், ஒரு கிராம சேவையாளர்,
கனடாவிலிருந்து லீவில் வந்த ஒருவன்
சப்பாத்து அழுக்காகிறதென்று ஓரமாய் ஓடினான்.
இரண்டுக்கு ஒன்று. இரண்டுக்கு இரண்டு.
மாஸ்டர் கோட்டில் நின்று
தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்.
கடைசி நிமிடத்தில் இடது பக்கத்தால் ஒருவன் பாய்ந்தான்.
குணாளன் பந்தைப் பார்த்தான், ஆளை விட்டுவிட்டான்.

மூன்று.

விசில்.

மேடையில் 150 என்ற பதாகை
ஏற்கெனவே அச்சடித்தாயிற்று.
அதிபர் மாலையோடு நிற்கிறார்.
மாஸ்டர் மைதானத்தின் நடுவில்:
"எத்தனை தரம் சொன்னனான்,
பந்தைப் பார்க்காதை, ஆளைப் பார் எண்டு!
நித்திரையோ? என்ன யோசனை உனக்கு?"
இடுப்பில் கைவைத்து, முகம் சிவந்து,
முப்பத்தாறு வயதுக்காரனைப் பார்த்து.

குணாளன் தலையைக் குனிந்தான்.
"ஓம் சேர்" என்றான்.
"அடுத்த முறை பார்க்கிறன் சேர்."

நான் "பாதி"யை வெட்டிவிட்டு
இரண்டு, மூன்று என்று எழுதினேன்.
தோல்வி.